காதுக்குப் பின்னால் அனுபவம்

வேலைக்குச் சேரும் பட்டதாரிகளுக்கு முதல் நாளே இருபது வருட அனுபவத்தைக் காதுக்குப் பின்னால் பொருத்திவிடுவது செவ்வாய்க் கிரகத்தில் வழக்கம். நகமளவு வில்லை. மூத்தவர் ஒருவரின் வேலை நினைவுகள் அதில் நகலாக இருக்கும். பொருத்தியதும் பயிற்சி முடிந்ததாக எந்திரம் கையெழுத்து வாங்கிக்கொள்ளும்.

உயிர்வளி ஆலையில் சேர்ந்த ஹெப்சிபாவுக்குக் கிடைத்தது சடகோபனின் இருபத்திரண்டு வருடம். எல்லா வேலையும் கைவந்தது, ஏழாம் வால்வைத் தவிர. அதைத் தொட்டால் வில்லை ஊமையாகிவிடும். ஆறாம் மாதத் தேர்வில் அதைத் திறக்காவிட்டால் அடுத்த கப்பலில் பூமிக்கு அனுப்பிவிடுவார்கள்.

சடகோபனிடமே போய்க் கேட்டாள்.

"சார், ஏழாம் வால்வு மட்டும் வில்லையில இல்லையே?"

"நகல் எடுக்கறப்ப அது வேணாம்னு சொல்லிட்டேன். எல்லாத்தையும் குடுத்துட்டா நாளைக்கு நம்மள யாரு மதிப்பா?"

"ஃபெயிலானா என்னை ஊருக்கு அனுப்பிருவாங்க சார்."

"எனக்கு மட்டும் யாரும்மா சொல்லிக் குடுத்தா?" சடகோபன் டீயை உறிஞ்சினார். "நானாதான் கத்துக்கிட்டேன். நீயும் கத்துக்க."

ஹெப்சிபாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. என்ன மனிதர் இவர்? ஒரு நிமிடத்தில் சொல்லிவிடக்கூடியதை மூட்டை கட்டி வைத்துக்கொண்டு இன்னொருத்தியின் பிழைப்பில் விளையாடுகிறாரே. தனக்குப் பின்னால் யார் வந்தாலும் முதல் நாளே இதைச் சொல்லித் தருவதாகப் பல்லைக் கடித்துக்கொண்டு சபதம் செய்தாள்.

விடுமுறை நாளெல்லாம் வால்வோடு மல்லுக்கட்டினாள். உள்ளங்கை கிழிந்தது. பத்தாவது வாரம்தான் பிடிபட்டது: முதலில் அரைச் சுற்று பின்னால் திருப்ப வேண்டும், பிறகு முன்னால். அவ்வளவுதான். இந்த அரைச் சுற்றுக்கா பத்து வாரம் என்று வந்த ஆத்திரத்தில் ஸ்பேனரைச் சுவரில் விட்டெறிந்தாள்.

தேர்வில் தேறினாள்; வேலை நிரந்தரமானது. அன்று காலையே அவளிடமிருந்த சடகோபனின் வில்லையைக் கழற்றி, புதிதாகச் சேர்ந்த இர்ஷாதுக்குப் பொருத்தினார்கள். மதியம் அவன் வந்து நின்றான்.

"மேடம், ஏழாம் வால்வு அசைய மாட்டேங்குது. வில்லையும் ஒண்ணும் சொல்லல. எப்படித் திறக்கிறது?"

ஹெப்சிபா தன் உள்ளங்கைத் தழும்பைப் பார்த்தாள்.

"எனக்கு மட்டும் யாருப்பா சொல்லிக் குடுத்தா?"

சொன்ன வேகத்தில் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. வில்லைதான் பேசுகிறதோ என்று காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தாள். வெறும் தோல்தான் இருந்தது.

இர்ஷாத் இன்னும் நின்றுகொண்டிருந்தான். அவள் டீயை எடுத்துக்கொண்டாள்.

"நானாதான் கத்துக்கிட்டேன். நீயும் கத்துக்க."