பன்னிரண்டு சேலைக்குப் பன்னிரண்டு முகம்

ராக்கு துடைத்துவிட்ட கழுத்தில் ஒரு மச்சம்கூடக் கிடையாது; கேட்டால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வாள். காலையில் பச்சைத் தண்ணீரில் கழுவி, தேங்காயெண்ணெய் தடவி, முத்துவெள்ளைப் பொடியைக் குழைத்து மூன்று பூச்சு பூசியது அவள் கைதான். ஆனால் மதியம், மேகம் விலகிய கொஞ்ச நேர வெயிலில் போட்டோக்காரன் ஜக்கையன் எடுத்துக்கொடுத்த காகிதப் படத்தில், பொன்னுமணியின் கழுத்தில் கறுப்பாகத் தடங்கள் இருந்தன. வலது பக்கம் வரிசையாக நான்கு, இடது பக்கம் பெருவிரல் அகலத்துக்கு ஒன்று. விரல் நுனிகள் தொண்டைக்குழிப் பக்கம் வந்து முடிந்திருந்தன. யாரோ பின்னாலிருந்து பிடித்த கை அது.

போடிக்கு ரயில் வராத காலம். மதுரையில் ஒரு ஜவுளிக்கடை முதலாளிக்குத் தன் பட்டுச்சேலைகளை ஒரு பெண் கட்டி நிற்பதைப் படம் பிடித்து, புத்தகமாக அச்சடித்து ஜமீன் வீடுகளுக்கு அனுப்ப ஆசை வந்துவிட்டது. பன்னிரண்டு சேலை, பன்னிரண்டு படம். மலை மேகத்து வெளிச்சத்தில் முகத்தில் நிழலே விழாது என்று சொல்லி ஜக்கையன் எல்லோரையும் மலையடிவாரத்து முந்தலிலிருந்து கோவேறு கழுதையில் ஏற்றி, மலையுச்சிக் கணவாயான மெட்டுக்குக் கீழே ஆளில்லாத ஓர் ஏலத்தோட்டத்து பங்களாவில் கொண்டுவந்து இறக்கியிருந்தான். சேலை கட்டுவதற்கு நாடகக்காரி பொன்னுமணி, இருபது வயது. அவளுக்கு முகம் எழுத ராக்கு.

ராக்கு கைவீசிக்கொண்டு வந்தவள் இல்லை. ஒரு நோட்டில் பன்னிரண்டு முகத்தை வட்டம் வட்டமாகப் போட்டு, எந்தச் சேலைக்கு என்ன பூச்சு என்று முன்கூட்டியே குறித்துவைத்திருந்தாள். ஜக்கையனின் கண்ணாடித் தகட்டுக்குச் சிவப்பும் மஞ்சளும் கறுப்பாகத் தெரியும், நீலம் வெளுத்துப்போகும். அதனால் பொன்னுமணிக்கு ஒரு வாரமாக மஞ்சள் குளியலும் கிடையாது, வெற்றிலையும் கிடையாது. அரக்குச் சேலைக்கு உதட்டுச் சிவப்பான சாதிலிங்கத்தில் பாதிக்குப் பாதி வெள்ளை கலக்க வேண்டும். நீலச் சேலை படத்தில் வெளுத்துவிடும் என்பதால் புருவத்தைக் கரியால் அழுத்தி எழுத வேண்டும். இதெல்லாம் இந்தச் சீமையில் வேறு யாருக்குத் தெரியும் என்று அவளுக்கு உள்ளுக்குள் தலைக்கனம்தான்.

இன்னொரு பேரும் அவளுக்கு இருந்தது. பொன்னுமணியின் நாடகக் காண்ட்ராக்டர் காசிமாயனுக்கு எடுத்ததற்கெல்லாம் கை நீளும். அவன் அடித்து வீங்கவைத்த முகத்தை அரை மணி நேரத்தில் மேடையேற்றிவிடுவாள் ராக்கு. பத்து வருஷமாக எத்தனையோ பெண்களின் கன்னத்தை, கண்ணோரத்தை, கழுத்தை அவள் விரல் மூடியிருக்கிறது. ஏன் அடித்தான் என்று ஒருநாளும் அவள் கேட்டதில்லை, அது தன் சோலி இல்லை என்று இருந்துவிட்டாள்.

"தகட்டுக்கு நம்ம கண்ணுக்கு முந்தியே தெரிஞ்சிரும்க்கா," என்றான் ஜக்கையன். "மதுரையில ஒரு புள்ளையப் படம் எடுத்தேன். மூஞ்சி பூராம் புள்ளி. ரெண்டு நாள் கழிச்சுத்தான் அம்மை போட்டுச்சு."

ராக்கு உள்ளே போய்ப் பொன்னுமணியின் மோவாயைப் பிடித்துத் தூக்கி, கழுத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சுத்தமான தோல்.

"ஏத்தா, அவன் உன் கழுத்தப் பிடிச்சானா?"

"அவரு எங்கக்கா இங்க? அவருக்குத் தெரியாமத்தான கிளம்பி வந்தேன்." பொன்னுமணி சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. "தெரிஞ்சா கொன்னே போட்டுருவாரு. படம் முடிஞ்சதும் மெட்டு தாண்டி பூப்பாறையில எங்க சின்னம்மாகிட்டப் போயிருவேன். நீங்க மெட்டு வரைக்கும் கொண்டாந்து விட்டாப் போதும்க்கா."

கூட்டிப்போய் விடுகிறேன் என்று ராக்கு அவள் கையில் அடித்துச் சொன்னாள். அந்த வாக்கை அவள் மனதாரத்தான் கொடுத்தாள்.

இரண்டாம் நாள் மேகம் தரைக்கே இறங்கிவிட்டது. ஏலச்செடிகளின் நீளமான இலைகளிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தம், வாசல் வரைக்கும் ஊர்ந்து வந்துவிட்ட அட்டைகள், பங்களாவை ஒட்டி ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரிலிருந்து வருகிற புகையும் காரமும் கலந்த பழைய வாசனை, எல்லாம் சேர்ந்து பங்களாவைச் சூழ்ந்துகொண்டன. சன்னல் இல்லாத அந்த ஸ்டோருக்குள்தான் ஜக்கையன் சிவப்புக் கண்ணாடி விளக்கை வைத்துக்கொண்டு தகட்டைக் கழுவினான். ஒவ்வொரு தகட்டுக்கும் அவள் கதவருகே போய் நின்றாள். நான்காம் சேலையிலும் தடம் இருந்தது. ஐந்தில் இன்னும் அழுத்தமாக இருந்தது. ராக்கு வெள்ளையைக் கெட்டியாகக் குழைத்துக் கழுத்தில் இன்னொரு பூச்சு ஏற்றினாள், ஏழாம் சேலைக்கு அதன்மேல் மாவும் ஒற்றினாள். பூச்சு ஏற ஏற, காகிதத்தில் விரல்கள் தெளிவாகிக்கொண்டே வந்தன. ஏழாவதில் நகம்கூடத் தெரிந்தது.

ஒன்பதாம் படத்தில் இன்னொன்றும் வந்தது. வராந்தாவில் பொன்னுமணிக்குப் பின்னால் தொங்கிய கறுப்புத் திரை, ஆள் நிற்கிறாற்போல் உப்பியிருந்தது. ராக்கு ஓடிப்போய்த் திரையை விலக்கினாள். சுவர், ஈரம், ஓர் அட்டை. அவ்வளவுதான்.

அந்தப் படத்தைப் பொன்னுமணியும் பார்த்துவிட்டாள். காகிதத்தைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

"இப்பவே போயிரலாம்க்கா. வெரசா நடந்தா பொழுது சாயறதுக்குள்ள மெட்டு ஏறிரலாம்."

போயிருக்கலாம். அதற்கு நேரம் இருந்தது, வழியும் இருந்தது. ஆனால் ராக்குவின் கண் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை, தன் பூச்சில் விழுந்த குறையைத்தான் பார்த்தது. மஞ்சள் அரிதாரம் கொஞ்சம் சேர்த்தால் தோலும் தடமும் ஒன்றாகக் கறுத்துவிடும், அப்புறம் மேலே வெள்ளையைக் கொடுக்கலாம் என்று அவள் புத்தி கணக்குப் போட்டது. இவ்வளவு திட்டம் போட்டுவிட்டு மூன்று முகத்தைப் பாதியில் விட்டுப் போவதா?

"மூணு சேலைதான் மிச்சம். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள முடிச்சுட்டுக் கிளம்பிருவோம். கழுத்த நான் பாத்துக்கிறேன், நீ பேசாம இரு."

பொன்னுமணி ஒன்பதாம் சேலையை அவிழ்த்து மடித்தாள்.

மூன்றாம் நாள் காலை, ராக்கு உள்ளறையில் அரிதாரத்தைக் கல்லில் உரைத்துக்கொண்டிருந்தாள். வெளியே கழுதைக் குளம்படி கேட்டது. முதலில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் என்றுதான் நினைத்தாள். பிறகு ஜக்கையனின் குரல், "அண்ணே, வேண்டாம்ணே." பிறகு மரம் முறிகிறாற்போல் ஒரு சத்தம்.

ராக்கு கையில் டப்பியோடு வராந்தாவுக்கு வந்தாள். ஜக்கையன் தரையில் கிடந்தான். அரிவாளின் பின்பக்கத்தால் வாயில் வாங்கியிருந்தான், பல் இரண்டு சிமெண்டுத் தரையில் ரத்தத்தோடு கிடந்தன. எப்படியோ மோப்பம் பிடித்து மலையேறி வந்துவிட்ட காசிமாயன் பொன்னுமணியின் முடியைச் சுற்றிப் பிடித்துத் தூணில் மோதினான். ஒருதடவை. இரண்டுதடவை. மூன்றாவதில் அவள் கத்துவது நின்றது. அவன் அவளைக் கீழே தள்ளி, நெஞ்சில் முழங்காலை ஊன்றி, கழுத்தை இறுக்கினான். அவள் குதிகால்கள் தரையில் அடித்தன. ஒரு கொலுசு கழன்று ஓடியது.

ராக்கு நகரவில்லை. பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

குதிகால்கள் நின்றன.

காசிமாயன் எழுந்தான். மூச்சு வாங்கியது. வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு சாதாரணமாகத்தான் கேட்டான்.

"எத்தனை சேலை மிச்சம்?"

"மூணு," என்றாள் ராக்கு. தன் வாய் ஏன் பதில் சொன்னது என்று அவளுக்கே தெரியவில்லை.

"மூஞ்சியச் சரி பண்ணு. மூணையும் எடுத்துருவோம். முதலாளி கைக்குப் பன்னெண்டும் போயிட்டா, படம் முடியிற வரைக்கும் இவ இங்கதான் இருந்தா, அப்புறம் மெட்டு தாண்டி எவங்கூடயோ ஓடிட்டான்னு ஊரு நம்பிரும்." அரிவாளை எடுத்து ஜக்கையனின் தோளில் தட்டினான். "எந்திரிடா."

ராக்கு செய்தாள். பத்து வருஷத்துப் பழக்கம் அவள் கையை நடத்தியது. பொன்னுமணியை நாற்காலியில் ஏற்றி, பத்தாம் சேலையைச் சுற்றி, இடுப்பை முந்தானையால் கட்டி, நெற்றி வெடிப்பில் மாவை அடைத்து, உதட்டு ரத்தத்தைத் துடைத்து, கண்களை மூடிவைத்து, வெள்ளையைப் பூசினாள். தோல் சில்லென்று இருந்தது. இந்த மலைக் குளிரில் எல்லாமே சில்லென்றுதான் இருந்தது. மூக்கருகே விரலை வைத்துப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. தலை மட்டும் நிற்காமல் தொங்கியது.

"திரைக்குப் பின்னால போய் நின்னு பிடி," என்றான் காசிமாயன்.

திரையில் ஒரு கிழிசல் செய்து, ராக்கு அதன் வழியே வலது கையை விட்டாள். சடைக்குக் கீழே பிடரியைப் பிடித்தாள். தலை நிமிர்ந்தது. கிழிசல் வழியாக அவளுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். பொன்னுமணியின் ஒரு காது, கன்னத்து ஓரம், அப்பால் போட்டோப் பெட்டியின் கண். பெட்டிக்குப் பக்கத்தில் காசிமாயன், கையில் அரிவாள்.

"பத்து எண்ணுவேன்," என்றான் ஜக்கையன். வாயில் ரத்தம் இருந்ததால் சொல் கொழகொழவென்று வந்தது. பெட்டிக் கண்ணின் மூடியைக் கழற்றினான். "ஒண்ணு."

மேகம் வராந்தாவுக்குள் வந்தது.

"ரெண்டு."

ராக்குவின் நடுவிரலுக்குக் கீழே ஏதோ துடித்தது. தன் நாடி என்று நினைத்தாள்.

"மூணு."

தொண்டை அசைந்தது. எச்சில் விழுங்கியது.

"...க்கா."

மூச்சளவுதான். திரைக்கு இந்தப் பக்கம் மட்டும் கேட்டது.

உயிரோடு இருக்கிறாள். ராக்குவுக்கு அழுகை முட்டியது. கடவுளே, உயிரோடு இருக்கிறாள். அவனுக்குத் தெரிந்தால் அரிவாள். ஒரே வெட்டு.

"நாலு."

தலை ஆடப் பார்த்தது. பேசாதே. ஆடாதே. ராக்கு விரல்களை இறுக்கினாள். கொஞ்ச நேரம், ஆத்தா. படம் முடியட்டும். உன்னை நான் மெட்டு தாண்டி விடுகிறேன்.

"அஞ்சு."

தொண்டைக்குள் ஒரு சத்தம் ஏறி வந்தது. வெளியே வந்தால் போச்சு. ராக்கு அதை அமுக்கினாள்.

"ஆறு."

பொன்னுமணியின் கை மடியிலிருந்து எழப் பார்த்தது. இன்னும் அமுக்கினாள். வலது பக்கம் நான்கு விரல். இடது பக்கம் பெருவிரல். வெள்ளைப் பூச்சு நகத்துக்குள் ஏறியது.

"ஏழு."

துடித்தது. துடித்தது.

"எட்டு."

விட்டு விட்டுத் துடித்தது.

"ஒம்போது."

இல்லை.

"பத்து." மூடி விழுந்தது.

"அசஞ்சாளா?" என்றான் காசிமாயன்.

"அசையலண்ணே."

"விடு ராக்கு. அடுத்த சேலையக் கட்டு."

ராக்கு விடவில்லை. விட வரவில்லை.

காசிமாயன் முனகிக்கொண்டே நாற்காலியிடம் வந்தான். குனிந்தான். அப்படியே நின்றுவிட்டான். மூடிவைத்த கண்கள் திறந்திருந்தன. இரண்டிலிருந்தும் கண்ணீர் வழிந்து, கன்னத்து வெள்ளையை அறுத்துக்கொண்டு மோவாய் வரை இறங்கியிருந்தது. இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது, சூடாக, ராக்குவின் விரல்கள்மேல்.

அவன் அந்தக் கண்ணீரைப் பார்த்தான். கழுத்தில் பதிந்த கையைப் பார்த்தான். கிழிசலுக்குப் பின்னால் ராக்குவின் முகத்தைப் பார்த்தான். அரிவாளைப் பிடித்திருந்த கை தாழ்ந்தது.

காசிமாயன் ஓர் அடி பின்னால் போனான். அப்புறம் இன்னொன்று.

திரைக்குப் பின்னால் ராக்கு மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதான் ஆத்தா. முடிஞ்சிருச்சு. இன்னும் ரெண்டு சேலைதான்."