கருவூலத்தின் புதுத் தோல்

வேலூரில் வெளியே நாற்பத்தாறு டிகிரி. பழைய கருவூலத்துக்குள் இருபத்துநான்கு. சுவர்கள் வியர்த்தன; அதனால் மனிதர்கள் வியர்க்கவில்லை.

அந்த இருநூற்றைம்பது வயதுச் செங்கல் சுவர்களைச் செப்பனிட்டு உயிர்ச்சுண்ணம் பூசியவள் பொறியாளர் ஜெசிந்தா. சுண்ணாம்பில் கலந்த நுண்ணுயிர்கள் வெயில் ஏறினால் துளைகளைத் திறந்து, நிலத்தடித் தொட்டி நீரை ஆவியாக்கிச் சுவரைக் குளிர்விக்கும். காயம் பட்டால் ஆற்றிவிடும். இன்று அமைச்சருக்குப் பிடிக்காவிட்டால், நாளை சுவரெங்கும் ஓட்டை போட்டு ஏசி மாட்டிவிடுவார்கள். அதற்கான ஆட்கள் டிரில்லும் கையுமாக வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஏழு சால்வைகளுக்கு அடியிலும் அமைச்சர் சொகுசாக நின்றார். "என்னம்மா, ஊட்டி மாதிரி இருக்கு!"

ஜெசிந்தாவுக்குத் தரையில் கால் பாவவில்லை.

தலைமைப் பொறியாளர் பலராமன் திரையை விலக்கினார். திறப்பு விழாக் கல்வெட்டு. இரண்டடிப் பளிங்கு, பதினெட்டுப் பெயர்கள். அமைச்சருக்கு அடுத்து பலராமன். பூசியவள் பெயருக்கு இடம் போதவில்லையாம். அவளிடம் சொல்லாமல் நேற்றுதான் சுவரில் பதித்திருந்தார்.

கைதட்டல் அடங்குவதற்குள் கல் ஒரு விரற்கடை முன்னால் வந்தது. சதை முள்ளை வெளியே தள்ளுவதுபோலச் சுவர் அதைத் தள்ளிக்கொண்டிருந்தது. பலராமன் பாய்ந்து தாங்கினார்.

"என்னம்மா, உன் செவுத்துக்கு மரியாதையே தெரியல?" என்றார் அமைச்சர்.

"அதுக்கு இது முள்ளு சார். கல்லு நிக்கணும்னா சுண்ணத்தைச் சாகடிக்கணும். அப்புறம் ஏசிதான்."

"சாகடி! கல்லுதான் முக்கியம்," என்றார் பலராமன், மூச்சு வாங்க.

அமைச்சர் வாசல் வெயிலை ஒருமுறை பார்த்தார். "யோவ், இந்தக் குளிர்ச்சியை விட்டுட்டு டப்பா மாட்டுவியா? செவுரு அப்படியே இருக்கட்டும்."

"அப்போ கல்லைத் தரையில நிறுத்திடலாங்களாய்யா?"

"தரையில வெச்சா கல்லறைய்யா அது! நான் இன்னும் உசுரோடதானே இருக்கேன்? கையில புடிச்சிக்கினு நில்லு. அதுக்குன்னு ஒரு ஆளைப் போடச் சொல்றேன். ஆர்டர் வர்ற வரைக்கும் நீயே பாத்துக்க."

டிரில்காரர்கள் வீட்டுக்குப் போனார்கள். பளிங்கைக் கட்டிக்கொண்டு பலராமன் நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் சுவர் ஆறி, கல் இருந்த இடமே தெரியவில்லை.

ஜெசிந்தாவுக்குப் பெருமை தாங்கவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, ஸ்கூட்டர் சாவியால் ஒரு மூலையில் தன் பெயரைக் கீற ஆரம்பித்தாள்.

மூன்றாவது எழுத்தை முடிப்பதற்குள், முதல் எழுத்தைச் சுவர் ஆற்றிவிட்டிருந்தது.