ஒன்று, ஒன்று, பூஜ்யம், ஏழு

பேரிக்காயின் தலைப்பக்கத்தைச் சீவிப் படையல் தட்டில் வைத்துக்கொண்டிருந்த சாங்கிலின் கை, வாசல் பக்கம் கேட்ட 'டிங்' என்ற சின்ன ஓசையில் நின்றுவிட்டது. கதவுக்கு வெளியே இருக்கும் எண்தட்டு விழித்துக்கொள்ளும் ஓசை அது. காற்றுக்கோ கையுறை போட்ட கைக்கோ அது விழிக்காது, வெறும் தோல் பட வேண்டும். அடுத்து யாராவது எண்ணை அழுத்துவார்கள், இல்லை மணி அடிப்பார்கள் என்று காத்திருந்தான். பத்து விநாடியில் எண்தட்டு தானாகவே அணைந்துபோனது.

போய்த் திறந்து பார்த்தான். ஏழாவது மாடியின் நீண்ட நடைபாதையில் ஒரு பக்கம் ஒன்பது கதவுகள், மறுபக்கம் இடுப்பளவுச் சுவர், அதற்கு மேல் இருட்டிக்கொண்டு வரும் வெறும் வானம். இஞ்சோன் துறைமுகத்துக் காற்று உப்பையும் டீசல் வாடையையும், யார் வீட்டிலோ கொதிக்கும் சோயா குழம்பின் மணத்தையும் சேர்த்து வாரிக்கொண்டு வந்தது. ஆள் யாரும் இல்லை. எண்தட்டின் கறுப்புக் கண்ணாடியில் மட்டும் விரல்நுனி அகலத்துக்குப் பனி பூத்திருந்தது. துடைத்துவிட்டு உள்ளே வந்தான்.

பூட்டு விஷயத்தில் அவன் காது பொய் சொல்லாது. இருபத்தாறு வருஷத் தொழில். அலுவலகங்களின் கண்ணாடிக் கதவுகளுக்குக் கூரை வழியாக வயர் இழுத்து, காந்தப் பூட்டு மாட்டி, எண்தட்டு பொருத்திக் கொடுப்பவன். இந்த மாடியின் ஒன்பது கதவுகளுக்கும் அவன்தான் எண்பூட்டு வைத்தான். எல்லோருக்கும் சொல்லும் பாடம் ஒன்றே: பிறந்தநாளை எண்ணாக வைக்காதீர்கள், திருடன் முதலில் அதைத்தான் அழுத்துவான். அவன் வீட்டு எண் மட்டும் அவனுடைய பிறந்தநாளாகவே இருந்தது. நவம்பர் ஏழு, 1107. போன ஜனவரியில் பக்கத்துக் கடைக்காரருக்கு இது தெரிந்துபோய், "ஊருக்குத்தான் உபதேசமா?" என்று சிரித்தார். சாங்கிலுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் காலையே புதுப் பூட்டை மாட்டிப் புது எண் வைத்தான். அதை ஒரு சீட்டில் எழுதிக் குளிர்பெட்டியின் மேல் ஒட்டிவிட்டு வேலைக்குப் போனான்.

சீட்டை யார் படிப்பது? அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. மறதி நோய் முற்றி எழுத்து போயிருந்தது, மகன் பெயர் போயிருந்தது, சில நாள் அவன் முகமும் போய்விடும். "நீங்க யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்பாள். விரல் மட்டும் அந்த நாலு எண்ணை மறக்கவில்லை. குப்பை போட்டுவிட்டு வந்து தானே கதவைத் திறந்துகொண்டு, "நம்பர் தொறந்தா அது என் வீடு" என்று சிறுபிள்ளை மாதிரி சிரிப்பாள்.

அன்றைக்கு மதியம், மகன் வருகிறானா என்று பார்க்க வெளியே வந்திருக்கிறாள். கதவு பின்னால் சாத்திக்கொண்டது. புதுப் பூட்டு தானாகவே பூட்டிக்கொண்டு ஒரு குஷியான மெட்டை வாசித்திருக்கும். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே பதினோரு டிகிரி. சாங்கில் நகரத்தின் மறுகோடியில் ஏணி மேல் நின்று வயர் இழுத்துக்கொண்டிருந்தான்.

மயங்கி விழுந்து இறந்துவிட்டாள் என்றுதான் அக்காவிடம் சொன்னான். பூட்டின் நினைவைக் கணினியில் இணைத்துப் பார்த்தது அவன் மட்டும்தான். இரண்டு பத்திலிருந்து நாலு ஐம்பத்திரண்டு வரை நாற்பத்தைந்து தவறான முயற்சிகள். ஐந்து முறை தவறினால் பூட்டு மூன்று நிமிஷம் ஊமையாகிவிடும். திருடனைக் களைத்துப்போக வைக்கும் ஏற்பாடு இது என்று வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்லுவான். பூட்டு ஊமையாகும்போதெல்லாம் வீடு மாறிவிட்டதென்று நினைத்து அம்மா மற்ற கதவுகளுக்கும் போயிருக்கிறாள். "யாரோ நம்பரை அழுத்திக்கிட்டே இருந்தாங்க. பயத்துல விளக்கை அணைச்சுட்டு மூச்சுவிடாம உக்காந்திருந்தேன்" என்று பக்கத்துக் கதவு 707-காரி சாவுவீட்டில் அழுதாள். சாங்கிலுக்கு அழக்கூட உரிமையில்லாத மாதிரி இருந்தது.

இன்சுக் அக்கா ஆறு மணிக்கு வந்தாள், இரண்டு கையிலும் பாத்திரங்கள். மாவில் தோய்த்துப் பொரித்த மீனின் வாசனை கூடவே வந்தது.

"என்னடா தலை இது? ஒரே வருஷத்துல என் மாமனார் மாதிரி நரைச்சுப் போய் நிக்கிற. அம்மா பாத்தா யாரோ கெழவன்னு நெனச்சுக்குவா."

"வேலை ஜாஸ்திக்கா."

"வேலையாம் வேலை. சரி, கதவைத் தொறந்து வை. திதி அன்னிக்குப் பூட்டி வெச்சா அம்மா எப்படி உள்ள வருவா, நம்பர் போட்டா?"

அக்கா சிரித்தாள். சாங்கில் கதவை வெளிப்பக்கம் முழுசாகத் தள்ளி, அடியில் இருந்த முட்டுக்கட்டையை மிதித்து நிறுத்தினான். குளிர் தாராளமாக உள்ளே வந்து மெழுகுவத்திச் சுடரைச் சாய்த்தது. அம்மாவின் படத்துக்கு முன் அரிசி மதுவை ஊற்றி, இரண்டு முறை விழுந்து வணங்கி, சோற்றுக் கிண்ணத்தில் கரண்டியை நட்டுவைத்துவிட்டு, அம்மா நிம்மதியாகச் சாப்பிடட்டும் என்று இருவரும் அடுத்த அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் தூரத்தில், லிப்ட் பக்கத்தில், ஒரு எண்தட்டு விழித்தது. 701. நாலு அழுத்தல், எண்ணை முடிக்கும் நட்சத்திரப் பொத்தான், பிறகு தவறு என்று சொல்லும் மூன்று கூவல். சற்றுப் பொறுத்து 702. பிறகு 703.

"எவனோ குடிகாரன். வீடு தெரியாம அலையுறான்" என்றாள் அக்கா.

704. 705. ஒவ்வொரு கதவுக்கும் இடையில், வெறுங்காலும் செருப்பும் மாறிமாறித் தேய்கிற மாதிரி ஓர் ஓசை. அடுத்தது 706, இந்த வீடு. சாங்கில் முழங்காலை இறுகக் கட்டிக்கொண்டான். தேய்ப்பு வாசலருகே வந்து நின்றது. திறந்த கதவுக்கு எதிரே நின்றது. பிறகு தாண்டிப் போனது. 707-இல் மறுபடி நாலு அழுத்தல்.

அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. விரியத் திறந்த கதவின் எண்தட்டு அந்தப் பக்கச் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அழுத்த எண் இல்லாத வாசலை அம்மாவுக்குத் தெரியாது.

"அக்கா... அன்னிக்கு அம்மா..."

"என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா."

அக்காவின் மருமகன் கீழே வண்டியோடு காத்திருந்தான். அவள் பாதிப் பலகாரத்தைத் தம்பிக்கு எடுத்துவைத்து, "ஒழுங்கா சாப்பிடு" என்று அதட்டிவிட்டுப் போனாள். லிப்ட் இறங்கும் உறுமல் தேய்ந்து மறைந்தது.

சாங்கில் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான். பூட்டின் உள்பக்க மூடியைக் கழற்றிப் பேட்டரிகளுக்குப் பக்கத்தில் இருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினான். ஒரு வருஷமாகத் தொடத் துணியாத காரியம். ஓராயிரம் கதவுகளில் கண்ணை மூடிக்கொண்டு செய்தது. வெளியே கையை நீட்டி எண்தட்டில் பழைய எண்ணைப் பதிந்தான். ஒன்று, ஒன்று, பூஜ்யம், ஏழு. பூட்டு ஏற்றுக்கொண்டது. முட்டுக்கட்டையை எடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினான். விளக்கை எரியவிட்டால் தன் முகத்தில் இருக்கும் குற்றம் தெரிந்துவிடும் என்று தோன்றியது. அணைத்துவிட்டான்.

செருப்பு கழற்றும் இடத்தில், படியின் மேல் உட்கார்ந்து சொல்ல வேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டான். வாங்கம்மா. நான்தான் எண்ணை மாத்தினேன். மன்னிச்சுக்கங்க. சாப்பாடு ஆறுது, வாங்க. அவ்வளவுதான். அதைச் சொல்லிவிட்டால் போதும், அவளும் வீடு வந்து சேருவாள், அவனும் ஒரு ராத்திரியாவது தூங்குவான்.

லிப்ட் பக்கம், டிங்.

701. தவறு. 702. தவறு. தேய்ப்பு. 703. பொரித்த மீனின் மணம் போய், ஈரத் துணி உறைந்த வாடை கதவிடுக்கில் கசிந்தது. 704. தவறு. 705.

நின்றது.

டிங்.

கதவின் கண்துவாரத்தில் நீல வெளிச்சம்.

ஒன்று. சற்றுப் பொறுத்து, இன்னொரு ஒன்று. பூஜ்யம். ஏழு.

நட்சத்திரம்.

பூட்டு தன் குஷியான மெட்டை வாசித்தது. கதவு வெளியே நகர்ந்தது. முதலில் ஒரு கை வந்தது. சுவரில் விளக்குப் பொத்தானைத் தேடியது, அம்மா எப்போதும் தேடுகிற அதே இடத்தில். சுட்டுவிரல் நடுக்கணு வரை கறுத்திருந்தது. நுனியில் தோல் இல்லை.

விளக்கு எரிந்தது.

பூப்போட்ட பஞ்சுச் சட்டை. ஒரு காலில் செருப்பு. புருவத்தில் பனிக்கட்டி. கண்ணிலும் பனி. இமை அசையவில்லை.

அம்மா.

சாங்கில் பின்னால் நகர்ந்தான். நகர வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை, கால் நகர்ந்துவிட்டது. முதுகு சுவரில் மோதியது. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. ஒத்திகை பார்த்த ஒரு சொல்கூட வரவில்லை.

அவள் அவனுடைய நரைத்த தலையைப் பார்த்தாள். சுவரோடு ஒட்டி நடுங்கும் அந்தக் கிழவனின் முகத்தைப் பார்த்தாள். வீட்டுக்காரரைப் பயமுறுத்திவிட்டோமே என்ற சங்கடத்தோடு, முன்பின் தெரியாதவர்களுக்குக் குனிவது போல இடுப்பு வரை குனிந்தாள்.

"மன்னிச்சுக்கங்கய்யா. நம்பர் சரியாத்தான் இருந்துச்சு. வீடு மாறி வந்துட்டேன் போல. எம்மவன் காத்துக்கிட்டிருப்பான். பயப்படாதீங்க, போயிடறேன்."

விளக்கை அவளே அணைத்தாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். பூட்டு பூட்டிக்கொண்டது.

குரல் அப்போதுதான் திரும்பி வந்தது.

"அம்மா! நான்தாம்மா! சாங்கிலும்மா!"

கைப்பிடியைப் பிடுங்கித் திறந்துகொண்டு ஓடினான். நடைபாதையில் யாரும் இல்லை. ஒன்பது கதவுகளிலும் எண்தட்டுகள் நீலமாக விழித்திருந்தன. 707-இன் ஜன்னலில் எரிந்துகொண்டிருந்த விளக்கு சட்டென்று அணைந்தது. அந்தக் கதவின் எண்தட்டுக் கண்ணாடியில், கை ஏதும் இல்லாமல், பனி பூத்தது. ஒன்றின் மேல். மறுபடி ஒன்றின் மேல். பூஜ்யத்தின் மேல். ஏழின் மேல்.