அவளுக்கு வைத்த பெயர்

அகழாய்வு முகாமின் வாசலில் நின்று உதவியாளர் எழில்மொழி, "குணசேகரன் சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்புறேன்" என்றாள். அவர் வாய் திறப்பதற்குள், பின்னால் பூட்டிக் கிடந்த அறையிலிருந்து யாரோ "ம்" என்றார்கள்.

அவளுக்குக் கேட்கவில்லை போலும். போய்விட்டாள்.

அந்த அறையில் எலும்புகள் மட்டும்தான் இருந்தன. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வயலோரக் குழியில் அவர்கள் தோண்டி எடுத்த ஒரு பெண்ணின் எலும்புகள். ரோமானியக் கப்பல்கள் வந்துபோன காலத்தவள். விரலில் வெண்கல மோதிரம். அதில் லத்தீன் எழுத்தில் 'யூலியா'. தலைமாட்டில் கறுப்புக் கிண்ணம். அதில் பழைய தமிழ் எழுத்தில் 'சாத்தி'.

"சாத்திதான் சார் அவ பேரு. மோதிரம், அவள அடிமையா வெலைக்கு வாங்கினவன் பேரு வெச்சு மாட்டினதா இருக்கும்" என்று எழில்மொழி அன்றே சொன்னாள்.

"சாத்தின்னா எவன் படிப்பான்? யூலியான்னே போகட்டும். கிண்ணத்தைப் பத்தி மூச்சு விடாதீங்க" என்றார், அகழாய்வுக்குத் தலைவரான குணசேகரன். இன்று காலை எல்லாச் செய்தித்தாளிலும் அவர் படத்தோடு யூலியா வந்திருந்தாள்.

மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஓட்டில் தூறல் சடசடக்க, வாய்க்கால் சேற்று வாடையும் நனைந்த வைக்கோலின் புழுங்கல் நெடியும் ஜன்னல் வழியே ஏறிவர, அவற்றுக்கு அடியில் புளித்த திராட்சை மதுவின் வாசம் ஒன்று பூட்டிய கதவின் கீழிருந்து மெல்லக் கசிந்து அவர் காலடியில் வந்து நின்றது.

பூட்டைத் திறந்தார். தட்டில் மோதிரம் கிடந்தது.

எலும்புகள் இல்லை.

தஞ்சாவூரிலிருந்த மனைவி ஆனந்தவல்லிக்கு வீடியோ கால் போட்டார். அவள் முகம் தெரிந்தது.

"வல்லி, நான்தான்... நான்..."

பெயர் வரவில்லை. நாக்கு தேடியது. தன் பெயர். தன் பெயர்தான்.

"யாருங்க நீங்க?" அவள் கண்களில் அடையாளமே இல்லை. "பேரைச் சொல்லுங்க."

ஒரே ஒரு பெயர்தான் தொண்டையில் இருந்தது. அதை விழுங்கப் பார்த்தார். முடியவில்லை.

"யூலியா."

"என்னங்க, யாரோ பொம்பளைப் பேரைச் சொல்லி உளர்றாங்க" என்று அவள் உள்ளே திரும்பினாள். போனும் திரும்பியது.

சாப்பாட்டு மேசை. ஒரு முதுகு. அவருடைய சட்டை. சட்டையின் மேல், களிமண் சொட்டும் நீளக் கூந்தல்.

மகள் சுடர்விழி அந்த மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள்.

"அப்பா, கதை சொல்லுப்பா."

சதையில்லாத விரல்கள் குழந்தையின் முடியைக் கோதத் தொடங்கின. நிதானமாக. வகிடெடுத்து.