மணல்மேட்டில் பச்சைப் புல்

"நர்சரிக்காரர் திருடலைங்க. நீங்கதான் நிரூபிக்கணும்" என்று துப்பறிவாளரிடம் சொன்னார் வனக்காவலர். உட்காரச் சொல்லியும் நின்றுகொண்டே இருந்தார்.

மேட்டுக் காட்டின் மணலில் கடைசியாக எஞ்சியிருந்த நீலப்பூச் செடிகளை யாரோ தோண்டி எடுத்துவிட்டதாகப் புகார் கொடுத்தவரே அவர்தான். எப்போதோ விதை கேட்டு வந்திருந்த நர்சரிக்காரரைப் போலீஸ் பிடித்து உள்ளே வைத்துவிட்டது. அந்த மனிதரின் மனைவி தன் வீட்டுவாசலில் வந்து அழுததிலிருந்து வனக்காவலருக்குச் சோறு இறங்கவில்லை.

"அப்ப யாரு எடுத்தா?" துப்பறிவாளர் கேட்டார்.

"தெரியாதுங்க."

"அத்தான், நர்சரிக்காரன்தான். மூஞ்சியே சொல்லுது" என்றார் துப்பறிவாளரோடு வேலை பார்க்கும் அவர் மச்சான்.

"நீ மூஞ்சி பாத்துப் பிடிச்சதுல பாதிப் பேரு நம்ம சொந்தக்காரங்க. வா, போய்ப் பாப்போம்."

மழை பெய்து மாதங்களாகியிருந்தன. மேட்டில் மணல் காலைச் சுட்டது. மூடப்பட்ட குழிகளைச் சுற்றி மட்டும் இளம்புல் பச்சைப்பசேலென்று நின்றது. துப்பறிவாளர் ஒரு குழியைக் கிளறினார். விரல் தடிமனில் ஒரு வேர் கறுத்துக் கொழகொழவென்று வந்தது. முகர்ந்துவிட்டுக் கீழே வைத்தார்.

"இதுக்கு முன்னாடி எங்க வேலை பாத்தீங்க?" என்று கூட வந்த வனக்காவலரைக் கேட்டார்.

"ஆத்தோரக் காட்டுலங்க. இங்க இதுதான் முதல் கோடை."

"மச்சான், மழையில்லாம இந்தப் புல்லு எப்படி வந்துச்சு? யாரோ பல நாள் தண்ணி ஊத்தியிருக்காங்க. திருட வந்தவனுக்கு அந்தப் பொறுமை ஏது? நர்சரிக்காரருக்கு இந்தச் செடி குணம் தெரியும். கோடையில மேல காஞ்சுடும், வேரு உள்ள தூங்கும், மழைக்குத் தழைக்கும். தண்ணி தேங்குனா அழுகிடும். காஞ்சதைப் பாத்துச் செத்துடுமோன்னு பதறினவர் இந்த மண்ணுக்குப் புதுசு. அழுகினதைத் தோண்டி இங்கேயே புதைச்சுட்டுத் திருட்டுன்னு சொல்லிட்டார்." காவலர் பக்கம் திரும்பினார். "யாருன்னு தெரியாது, நர்சரிக்காரர் இல்லைன்னு மட்டும் அடிச்சுச் சொன்னீங்களே."

காவலர் மணலில் உட்கார்ந்துவிட்டார். "வேலை போயிடுமேன்னு பயந்துட்டேன். குடம் குடமா சுமந்தேங்க. சும்மா விட்டிருந்தா?"

"பொழச்சிருக்கும். ஸ்டேஷனுக்கு நீங்களே போறீங்களா?"

அவரே போனார். சொல்லி முடித்தபோது நர்சரிக்காரர் கம்பிக்குப் பின்னால் எழுந்து நின்றார். வசவுக்கு வனக்காவலர் தயாராக இருந்தார்.

"எங்கயாவது ஒரு வேராவது நல்லா இருக்கா?" என்று கேட்டார் நர்சரிக்காரர்.

"இல்லைங்க."

அதற்குப் பிறகுதான் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.