வத்தல்மலையில் வெடித்த சூரியன்!

டெலிபோன் அலறியது.

தருமபுரி கடைத்தெருவில் 'கிரி சோலார் ஏஜென்சி' முதலாளி தீர்த்தகிரி, ஒரு விவசாயியிடம் சூரிய விளக்கின் பெருமையை அளந்துகொண்டிருந்தான்.

"கரன்ட்டு பில்லு கெடையாது... மண்ணெண்ணெய்க்கு க்யூ கெடையாது... பகல்ல வெயில்ல வெய்யிங்க, ராத்திரி எரியும்! பாத்தீங்கல்ல, ஐ.எஸ்.ஐ. முத்திரை! கவருமென்ட்டே கேரன்ட்டி குடுத்த மாதிரி!"

சொல்லிக்கொண்டே ரிசீவரை எடுத்தான்.

"தீர்த்தகிரிங்களா? இன்ஸ்பெக்டர் கவுஸ் பாஷா பேசறேன். வத்தல்மலை சென்றாயனுக்கு லைட்டு வித்தீங்களா?"

"ஆமாங்க சார். போன வாரம்கூட வந்து புது பேட்டரி மாட்டிக்கிட்டுப் போனாரே..."

"அது வெடிச்சிடுச்சு. ஆள் காலி! பெரியாஸ்பத்திரி பிணவறைக்கு வாங்க. ஓடிப்போற ஐடியா இருந்தா... பஸ் ஸ்டாண்டுல என் ஆளு நிக்கறான்."

லைன் கட்!

தீர்த்தகிரி ரிசீவரை வைத்தான். விவசாயி ஏதோ கேட்டார். காதில் விழவில்லை. ஸ்கூட்டரை உதைத்தான். காரிமங்கலம் சந்தைக்காகக் கேரியரில் கட்டியிருந்த விளக்கை அவிழ்க்கக்கூடத் தோன்றவில்லை.

வெடிச்சிடுச்சா? எப்படி? எப்படி வெடிக்கும்?

பிணவறை வாசலில் வேப்பமரம். அதன் கீழே தலைவிரிகோலமாக ஒரு பெண். செத்தவனின் மனைவி மாதம்மாள். பக்கத்தில் காக்கி பேன்ட் போட்ட திடகாத்திரமான ஒருத்தன்.

"பச்சியப்பன். சென்றாயனோட சித்தப்பா மகன். லாரி டிரைவர்" என்றார் கவுஸ் பாஷா. "சம்பவத்தப்ப கூட இருந்தது இவன் ஒருத்தன்தான். சொல்லுப்பா."

பச்சியப்பன் மூக்கை உறிஞ்சினான்.

"நேத்து பொழுது சாயற நேரம் சார். ஓடை ஓரமா ரெண்டு பேரும் போய்க்கிட்டிருந்தோம். அண்ணன் கையில லைட்டு. திடீர்னு டமார்! ஆசிட் அப்படியே மூஞ்சியில பீச்சி அடிச்சுது. அண்ணன் மல்லாக்க விழுந்தாரு... பின்மண்ட பாறையில மோதி... அய்யோ!"

"லைட்டு எங்கே?"

"பள்ளத்துல போயி விழுந்துடுச்சு சார்."

பாஷா இரண்டு பேரையும் உள்ளே கூட்டிப்போய்ப் பிணத்தின் துணியை விலக்கினார்.

தீர்த்தகிரி பார்த்தான். முகம் என்று சொல்ல அங்கே எதுவும் மிச்சமில்லை. ஆசிட்... சந்தேகமே இல்லை. ஆசிட்!

அடுத்த விநாடி அவன் முதுகில் ஐஸ் கட்டி இறங்கியது.

ஏனென்றால்...

அவன் விற்ற பேட்டரியில் ஆசிட்டே கிடையாது!

வெறும் டப்பா. உள்ளே நாலே நாலு டார்ச் செல். கனம் காட்ட, ஆற்று மணல்! மேலே ஒட்டிய ஐ.எஸ்.ஐ. முத்திரை அவன் மச்சினன் அச்சகத்தில் அடித்தது. விளக்கு சில நாள் எரியும். அப்புறம் அணையும். யாராவது மலை இறங்கி வந்து கேட்டால், "வெயில் பத்தலைங்க" என்று சொல்லி இன்னொரு மணல் டப்பாவை மாட்டி அனுப்புவான்.

மணல் வெடிக்குமா?

வெடிக்காது! அப்படியானால் சென்றாயன் முகத்தில் ஆசிட்டைக் கொட்டியது யார்?

தீர்த்தகிரி மெல்லத் திரும்பினான். பச்சியப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுடைய காக்கி பேன்ட்டில், முழங்காலுக்குக் கீழே, பொடிப்பொடியாய்ப் புது ஓட்டைகள்...

"என்னாங்க, வேர்த்துக் கொட்டுது?" பாஷா அவன் தோளில் தட்டினார். "பயப்படாதீங்க. அஜாக்கிரதையால மரணம்னு கேஸ் போடுவேன். ஜாமீன்ல போயிடலாம். நஷ்ட ஈடு வேணும்னா அந்தம்மா கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவாங்க. புதுச் சட்டம் வந்திருக்குல்ல?"

ஜாமீன்... அபராதம்... அவ்வளவுதான்!

வாயைத் திறந்தால்? மலை முழுக்க விற்ற அத்தனை விளக்கையும் உடைத்துப் பார்ப்பார்கள். கடை போகும், மானம் போகும், ஜெயில் நிச்சயம்.

வாயை மூடிக்கொண்டான்.

வெளியே வந்தபோது மாதம்மாள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள்.

"யோவ்! முத்திர குத்தின சாமான்னு நம்பித்தானேய்யா வாங்கினோம்? கொழந்தைங்க படிக்கும்னு வாங்கினோம்! இப்பிடி உசுர எடுத்துப்புட்டியே!"

"அம்மா... நான்..."

"இன்னிக்கி பாரஸ்ட் ஆபீசுக்குப் போறேன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு. ஓடைப் பள்ளத்துல சந்தனக் கட்டைய யாரோ பதுக்கி வெச்சிருந்ததப் பாத்தோம். நானும் கூடத்தான் பாத்தேன். பச்சியப்பங்கிட்டதான் மொதல்ல சொன்னோம். அதுக்குள்ள..." அவன் சட்டையை விட்டாள். "அவரு போனா என்னா? நான் போயி சொல்லுவேன்!"

தீர்த்தகிரிக்கு அந்தப் பேன்ட் ஓட்டைகள் கண்முன் வந்தன.

"அண்ணி!" பின்னாலிருந்து பச்சியப்பனின் குரல் தேனாய் வழிந்தது. "பொணத்த ஊராளுங்க டோலி கட்டித் தூக்கிட்டு வரட்டும். குழி வெட்டச் சொல்லணும். நாம முன்னாடி போயிடலாம். குறுக்கு வழியில ஏறினா சீக்கிரம் போயிடலாம்."

மாதம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள்.

குறுக்கு வழி... ரெண்டே பேர்... அதே ஓடை!

தீர்த்தகிரி ஸ்கூட்டரில் உட்கார்ந்தான். இறங்கினான். சிகரெட்டைப் பற்றவைத்தான். உடனே நசுக்கினான். 'உனக்கென்னடா? பேசாம வூட்டுக்குப் போ!' என்றது ஒரு மனசு. ரோட்டில் மலையடிவாரம் போகும் பஸ் கிளம்பிவிட்டது. ஜன்னலோரம் மாதம்மாள். பக்கத்தில் எமன்!

"ச்சே!"

கேரியர் கயிற்றை அறுத்தான். விளக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"சார்! அது விபத்து இல்ல சார்! கொலை!"

டாக்டரிடம் பேசிக்கொண்டிருந்த பாஷா திரும்பினார். "என்னாய்யா உளர்றே?"

"என் பேட்டரி வெடிக்காது சார்!"

"எல்லா வியாபாரியும் இதத்தான் சொல்லுவான்."

"அவங்க சொல்றது வேற, நான் சொல்றது வேற சார்!"

பேட்டரி டப்பாவைக் கழற்றி, படிக்கட்டு விளிம்பில் ஓங்கி அடித்தான். டப்பா பிளந்தது. பொல பொலவென்று கொட்டியது மணல். டார்ச் செல்கள் உருண்டு ஓடின.

டாக்டர் வாயைப் பிளந்தார்.

பாஷா குனிந்து ஒரு பிடி மணலை அள்ளினார். "ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கே?"

"அது... நானே ஒட்டினது சார்."

"அடப்பாவி!"

"அப்புறம் திட்டுங்க சார்! அந்தம்மாவ அவன் மலைக்குக் கூட்டிக்கிட்டுப் போறான்! சந்தனக் கட்டைய அந்தம்மாவும் பாத்திருக்கு!"

ஜீப் சீறிக் கிளம்பியது. பின் சீட்டில் இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவே தீர்த்தகிரி, மடியில் பாதி மணலோடு உடைந்த டப்பா.

அடிவாரத்தில் பஸ் காலியாக நின்றது. ஒற்றையடிப் பாதையில், முதல் திருப்பத்துக்குக் கொஞ்சம் கீழே இரண்டு உருவங்கள்.

"பச்சியப்பா! நில்லு!"

நின்றான். சிரித்தான். "என்னாங்க சார், இவ்ளோ தூரம்?"

பாஷா மூச்சு வாங்கியபடி நெருங்கினார். "ஒரே ஒரு டவுட்டு. பேட்டரி வெடிச்சத கண்ணால பாத்தியா?"

"சத்தியமா சார்! தண்ணி மாதிரி பீச்சி அடிச்சுது ஆசிட்!"

பாஷா டப்பாவை வாங்கி அவன் காலடியில் சாய்த்தார். மணல் கொட்டியது.

"இந்த ஆசிட்டா?"

பச்சியப்பனின் சிரிப்பு உறைந்தது.

"இவரு வித்த எல்லா டப்பாவுலயும் இதுதான். உன் லாரி பேட்டரியில ஆசிட் இருக்கறதால, ஊர்ல உள்ள எல்லா பேட்டரியிலயும் ஆசிட் இருக்கும்னு நெனச்சிட்டே. மண்டைய உடைச்ச... ஆசிட்ட ஊத்தின... பேன்ட்டுல ஓட்டை விழுந்தத கவனிக்கல!"

"பச்சியப்பா..." மாதம்மாள் ஓரடி பின்வாங்கினாள். "கட்டைங்க... உன்னுதா?"

பதிலுக்குக் கத்தி வந்தது!

ஒரே தாவலில் மாதம்மாளை இழுத்துக் கழுத்தில் வைத்தான். "யாராச்சும் கிட்ட வந்தீங்க..."

பாஷாவின் கை ரிவால்வரில் உறைந்தது.

மாதம்மாள் அழவில்லை. கத்தவில்லை. கால் மடங்கியவள்போலச் சரிந்தாள். கை தரையைத் துழாவியது.

அள்ளினாள்... அடித்தாள்!

இரண்டு கண்ணும் நிறைய மணல்! பச்சியப்பன் அலறிக்கொண்டு முகத்தைப் பொத்தினான். பாஷாவின் பூட்ஸ் கால் கத்தியைப் பறக்கவிட்டது. கான்ஸ்டபிள்கள் பாய்ந்து அமுக்கினார்கள்.

கிரி சோலார் ஏஜென்சியின் பேட்டரி, கடை திறந்த நாளிலிருந்து செய்த முதல் உருப்படியான வேலை அதுதான்!

மாதம்மாள் மெதுவாக எழுந்து தீர்த்தகிரியின் எதிரே வந்து நின்றாள்.

"மணலக் கட்டிக் குடுத்து ஊரையே ஏமாத்தினீங்க. அத உங்க வாயாலயே சொல்லி என் உசுரக் காப்பாத்தினீங்க. உங்களக் கும்பிடறதா, காறித் துப்பறதான்னு எனக்குத் தெரியலைங்க."

தீர்த்தகிரி அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "துப்பிடும்மா" என்றான்.

அவள் துப்பவில்லை. தலையில் அடித்துக்கொண்டு, புருஷனின் உடம்பு வரும் வழியைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

அப்புறம் தீர்த்தகிரி தொண்டையைச் செருமினான்.

"சார்... அப்ப நான் கெளம்பட்டுங்களா?"

"எங்க? ஜீப்புல ஏறுங்க."

"சார்! உண்மையச் சொன்னதே நான்தானே!"

"ஆமா. டாக்டர சாட்சியா வெச்சுக்கிட்டுச் சொன்னீங்க. போலி முத்திரை ஒண்ணு, மோசடி ஒண்ணு. தனித்தனி கேஸ்."

"எம் மேல யாருமே புகார் குடுக்கலையே சார்!"

"யாரு சொன்னது?" பாஷா விலங்கை எடுத்தார். "பென்னாகரத்துல என் மாமியாருக்கு ஆசையா ஒரு லைட்டு வாங்கிக் குடுத்தேன். நாலாம் நாளே அணைஞ்சு போச்சு. அன்னியிலேர்ந்து அந்த வூட்டுல எனக்கு ஒரு டீகூடக் கெடையாது!"

"சார்..."

க்ளிக்!

"வாங்க, நான் உங்கள உங்க மாமியார் வூட்டுல விடறேன்... அங்க ராத்திரி பூரா லைட்டு எரியும்!"