கோணல் தையல்

அப்பாவின் கட்டைவிரல் செல்போனில் 'அனுப்பு' பொத்தானுக்கு மேலே நின்றது. கொஞ்சம் இறங்கினால் போதும், ஆறு வருடச் சேமிப்பில் பாதி பறந்துவிடும்.

"அப்பா, ஒரு நிமிஷம்!" என்றாள் துருவி.

எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வீட்டில் அவளுக்கு அந்தப் பெயர். வயது பத்து.

"மெதுவாப் பேசுடி! அம்மா காதுல விழுந்தா எல்லாம் போச்சு."

சுவருக்கு அந்தப் பக்கம் அம்மாவின் தையல் இயந்திரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. பழைய கார்களுக்கு இருக்கை உறை தைப்பது அம்மாவின் வேலை. பதினைந்து வருடமாகத் தைக்கிறாள். அந்தக் கார்களில் ஒன்றைக்கூட ஓட்டியதில்லை. அவள் பிறந்தநாளுக்குப் பழைய கார் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்திவிட வேண்டும் என்பது பேருந்து ஓட்டுநரான அப்பாவின் ஆசை. ரகசியம் தெரிந்த ஒரே ஆள் துருவி.

இணைய விளம்பரத்தில் இருந்த காருக்கு அறுபது வயது. வெளிர்நீல நிறம், முட்டைக்கண் விளக்குகள், சிவப்பு இருக்கை. விலை மட்டும் பாதிக்குப் பாதி.

"நேர்ல போய்ப் பாக்கலாமேப்பா?"

"எங்கேயோ துறைமுகக் கிடங்குல இருக்காம். நாம போறதுக்குள்ள வேற யாராவது தட்டிட்டுப் போயிடுவாங்க. பாவம், செத்துப்போன அவங்க அப்பாவோட வண்டியாம். அழுதுட்டே விக்கிறாரு."

"அழறவரு எதுக்குப்பா இவ்ளோ அவசரப்படுத்துறாரு?"

அப்பா தலையைச் சொறிந்தார். செல்போன் சிணுங்கியது. 'பத்து நிமிடம்தான். இன்னொருவர் முன்பணத்தோடு காத்திருக்கிறார்.'

துருவி செல்போனைப் பிடுங்கிப் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினாள். எண் பலகையை மறைத்திருந்தார்கள். அடுத்த படம், ஓட்டுநர் இருக்கை. அதன் இடது மூலையில், சிவப்பு ரெக்சினில், விரல் நீளத்துக்கு மஞ்சள் நூல் கோணல்மாணலாக ஓடியது.

துருவிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அப்பா! இது நான் தைச்சது!"

மூன்று வருடத்துக்கு முன்னால், அம்மா தண்ணீர் குடிக்க எழுந்துபோன நேரம் பார்த்து, துருவி இயந்திரத்தில் கை வைத்துவிட்டாள். நூலும் தப்பு, கோடும் கோணல். அம்மா அதைப் பிரிக்கவில்லை. ரெக்சினில் ஊசி ஒருமுறை இறங்கினால் ஓட்டை ஓட்டைதான். "இருக்கட்டும் விடுங்க, பாப்பா கையெழுத்து" என்று சிரித்தார் காருக்குச் சொந்தக்காரரான பல் டாக்டர். கொட்டகையை விட்டு வெளியே வராத அந்தக் காரை அப்பாவும் துருவியும் பார்த்ததே இல்லை.

"டாக்டர் வண்டியா?" அப்பாவின் குரல் இறங்கியது. "ஒருவேளை இவருக்கு வித்திருப்பாரோ?"

"அவங்க அப்பா வண்டின்னு சொன்னாரே! சரி, ஒண்ணு பண்ணுங்க. சீட்டு மேல ஒரு கரண்டி வச்சு, இப்பவே படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க."

"கரண்டியா? எதுக்கு?"

"பழைய படத்துல கரண்டி இருக்காதுல்ல!"

அப்பா கேட்டார். பதில் உடனே வந்தது. 'கிடங்கைப் பூட்டிவிட்டார்கள். முதலில் முன்பணம் அனுப்புங்கள்.'

அடுத்த நொடி இருவரும் தெருவில் ஓடினார்கள். அப்பாவின் ஒரு காலில் அவர் செருப்பு, இன்னொன்றில் அம்மாவுடையது.

டாக்டர் வீட்டுக் கொட்டகையில் வெளிர்நீலக் கார் நின்றது. டாக்டர் அதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தார்.

"அடேயப்பா! எனக்குத் தெரியாம என் வண்டி துறைமுகம் வரைக்கும் போயிட்டு வந்துடுச்சா?"

அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"உங்க வீட்டம்மா வேலைய நாலு பேரு பாக்கட்டும்னு நான்தான் நெட்ல படம் போட்டேன். எவனோ சுட்டிருக்கான். பணம் அனுப்பிட்டீங்களா?"

"இல்ல டாக்டர்."

"நல்ல வேளை! விளம்பரம் வந்த இடத்துல இப்பவே புகார் கொடுத்துடுவோம்."

புகார் கொடுத்ததும் அப்பா படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "தினம் மூணு கண்ணாடியைப் பாத்துப் பாத்து பஸ் ஓட்டறவன் நான். இதைப் பாக்காம விட்டேனே!"

துருவி அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். "நீங்க அம்மா முகத்தையே நினைச்சுட்டு இருந்தீங்கப்பா. அதான் வேற எதுவும் கண்ணுல படல."

அப்பா அவள் தலையில் கை வைத்தார். டாக்டர் துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பிறந்தநாள் என்னிக்கு?"

"ஞாயித்துக்கிழமை" என்றாள் துருவி.

"அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"அப்பாதான் கத்துக்கொடுத்தாரு. லைசென்ஸ்கூட இருக்கு. ஆனா பஸ் மாதிரியே ஹாரன் அடிப்பாங்க!"

"அடிக்கட்டும். அன்னிக்குப் பூரா வண்டி உங்களுது. உங்களுக்குன்னு ஒண்ணு வாங்கும்போது என்னையும் கூட்டிட்டுப் போங்க. நேர்ல தட்டிப் பாத்து வாங்குவோம்."

ஞாயிற்றுக்கிழமை காலை. கதவைத் திறந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். அப்பா சாவியை நீட்டினார்.

"நெஜமாவா? நானா ஓட்டணும்?"

"சாயங்காலம் வரைக்கும் நீதான்!"

அம்மா காரில் ஏறி உட்கார்ந்தாள். விரல்கள் தாமாகவே இருக்கையின் இடது மூலையைத் தடவின.

"அட, இந்தக் கோணல் இன்னும் இருக்கா?"

"அதனாலதான்மா நாங்க..."

அப்பா பலமாக இருமினார்.

அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி சரி, போற வழியில சொல்லுங்க. ஏறுங்க!" என்றாள்.

தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஒரு நீண்ட ஹாரன் அடித்துவிட்டு, தான் இருக்கை தைத்த கார் ஒன்றை அம்மா முதல் முறையாகக் கிளப்பினாள்.